குரோஷியாவுல இருக்குற கார்லோவாட்ஸ் ஊரை ஒரே நாள்ல எப்படி சுத்திப் பாக்குறது?

தலைநகர் ஸாக்ரெப்ல காலைல ரயில் புடிங்க, 50 கிலோமீட்டர் சொச்சம்தான். முதல்ல பழைய டவுன், 1579ல ஒட்டோமான் படையைத் தடுக்க ஆறு முனை நட்சத்திரமா கட்டுனது, ஆனா தரைல நின்னா நட்சத்திரம்லாம் தெரியாது, மேப்ல சேட்டலைட் வியூ பாத்துட்டு அகழிப் பள்ளத்தைச் சுத்தி நடங்க, இப்ப அங்க புல்லும் மரமும்தான். குபா, கொரானா, ம்ரெஷ்னிட்சா, டோப்ரான்னு நாலு ஆறு, அந்தக் காலத்துல தானியம் குபா வழியா படகுல வந்து எறங்கி வண்டில கடற்கரைக்குப் போகும், ஊருக்கு காசு வந்ததே அப்படித்தான், ரயில் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துருச்சு. 1854ல ஆரம்பிச்ச பீர் ஆலை மட்டும் இன்னும் ஓடுது. கோடைன்னா மதியம் கொரானா ஆத்துல குளிங்க. வெயில் தாழ்ந்ததும் டூபோவாட்ஸ் கோட்டைக்கு ஏறிடுங்க, மொத்த ஊரும் கீழ தெரியும். செலவுக்கு யூரோ வச்சுக்கோங்க, பழைய குனா காசு 2023லயே போயிருச்சு.