அந்தப் பக்கம் போனால் குறி மாறுமா?

நாங்கள் பள்ளியில் செய்த அதே தப்புகளைத்தான் இன்று ட்யூஷனுக்கு வரும் பிள்ளைகளும் செய்கிறார்கள். நோட்டைத் திறந்ததும் எந்த வரியில் கோளாறு இருக்கும் என்று பாதி நாள் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வாய்ப்பாடு மறப்பது, கூட்டலில் பிசகுவது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது எல்லாம் இங்கே வேண்டாம். அதற்கான திட்டு வீட்டிலேயே கிடைத்துவிடும்.

‘அந்தப் பக்கம் போனா குறி மாறும்’

இந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்குத் தீராத எரிச்சல். சமன்பாடு ஆரம்பிக்கும் அன்று ஆசிரியர் கரும்பலகையில் தராசு வரைவார். இந்தத் தட்டில் செய்வதை அந்தத் தட்டிலும் செய்ய வேண்டும் என்பார். இரண்டு நாள் கழித்து, பாடம் முடிக்கிற அவசரத்தில், “பிளஸ் அந்தப் பக்கம் போனா மைனஸ், மைனஸ் போனா பிளஸ்” என்று சொல்லிவிடுவார். பிள்ளைக்குத் தராசு மறந்துபோகும், மந்திரம் ஒட்டிக்கொள்ளும்.

மந்திரம் பல இடங்களில் பலிப்பதுதான் ஆபத்து. எக்ஸ் + 7 = 12 என்றால் எக்ஸ் = 5. விடை சரி, மதிப்பெண்ணும் வந்துவிடும்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நன்றாகப் படிப்பவள், -3எக்ஸ் = 12 என்ற கணக்குக்கு எக்ஸ் = 4 என்று எழுதியிருந்தாள். எப்படி என்று கேட்டேன். “மைனஸ் 3 அந்தப் பக்கம் போகுதுல்ல சார், பிளஸ் 3 ஆயிடும். பெருக்கல், வகுத்தலா மாறிடும்.” அவளுக்குச் சொல்லிக்கொடுத்த இரண்டு விதிகளையும் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள்! “4-ஐப் போட்டுப் பாரும்மா” என்றேன். -12 வந்தது. உடனே பெருக்கலில் எங்கே தப்பு என்று தேட ஆரம்பித்தாள். விதியின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

எதுவும் எங்கும் போவதில்லை. இருபுறமும் -3 ஆல் வகுக்கிறோம், இடப்பக்கம் எக்ஸ் மட்டும் நிற்கிறது, வலப்பக்கம் -4. அவ்வளவுதான்.

இதை அப்போதே சரிசெய்யாவிட்டால் வகுப்புக்கு வகுப்பு கூடவே வரும். எக்ஸ்/4 + 3 = 5 என்று கொடுத்தால், 4 ‘மேலே போய்’ எக்ஸ் + 3 = 20 ஆகி, விடை 17 என்று வந்து நிற்கும். 3-ஐயும் 4 ஆல் பெருக்க வேண்டும் என்று தோன்றியிருந்தால் 8 வந்திருக்கும். பத்தாம் வகுப்பில் எக்ஸ் ஸ்கொயர் = 5எக்ஸ் வரும்போது ஒரு எக்ஸ் ‘கீழே போய்’ அடிபட்டு, 5 மட்டும் மிஞ்சும். பூச்சியமும் ஒரு மூலம். அது காணாமல் போய்விடும். எக்ஸால் வகுக்கிறோம் என்று தெரிந்து வகுப்பவனுக்கு, எக்ஸ் பூச்சியமாக இருந்தால் வகுக்கலாமா என்ற கேள்வி வரும். எக்ஸைத் தூக்கிக் கீழே வைப்பவனுக்கு வராது.

பதினொன்றாம் வகுப்பில் அசமன்பாடு. -2எக்ஸ் > 6 என்றால் எக்ஸ் < -3. குறி ஏன் திரும்புகிறது? 2 < 3 என்பதை இருபுறமும் -1 ஆல் பெருக்கினால் -2 > -3 ஆகிறது, அதனால்தான். அரை நிமிட வேலை. மந்திரக்காரர்களுக்கோ இது மனப்பாடம் செய்ய இன்னொரு விதி.

பெற்றோரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ‘இருபுறமும் 7 கழிக்க’, ‘இருபுறமும் -3 ஆல் வகுக்க’ என்று எழுதச் சொல்லுங்கள். நோட்டு சீக்கிரம் தீரும், பிள்ளை முனகும். ஒரு பருவம் முழுக்க எழுதட்டும். அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். கடைசியில் கிடைத்த விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் எப்போதும் விட வேண்டாம்.

சமக்குறியை இழுத்துக்கொண்டே போவது

5 + 3 = 8 × 2 = 16 என்று எழுதுகிறார்கள். 5 + 3 எப்படி 16 ஆகும்? 1557-ல் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் சமக்குறிக்கு இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்தெடுத்தார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். நம் பிள்ளைகள் அதை ‘விடை வருது’ என்று சொல்லும் குறியாக வைத்திருக்கிறார்கள். புது வரியில் எழுதினால் போதும்.

கைடைப் பார்த்து ‘புரிஞ்சிடுச்சு’ என்பது

மூடிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

ஒரு மதிப்பெண் வினாவுக்கு (1), (2), (3) என்று மனப்பாடம் செய்வது

விடைகளின் வரிசையை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது.

பாஸ் கணக்கு

மாநிலப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் தேர்ச்சி. வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, ஆக 30. மேலே மூன்று இரண்டு மதிப்பெண் கேள்விகள் போட்டால் கரையேறலாம். தட்டுத்தடுமாறும் பையனுக்கு இது நல்ல வழி, நானே சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இப்படித் தேறியவனைப் பதினொன்றாம் வகுப்பில் கணக்கு குரூப்பில் தள்ளாதீர்கள். அங்கே இயற்கணிதமும் முக்கோணவியலும் அவன் படிக்காமல் தாண்டி வந்த பாடங்களிலிருந்துதான் தொடங்கும்.

ரஃப்

தனித் தாளில் போட்டுக் கசக்கி எறியாதீர்கள். பக்கத்தின் வலது ஓரத்தில் கோடு கிழித்துப் போடுங்கள். தப்பு எங்கே நடந்தது என்று திருத்துகிற எனக்கும் தெரிய வேண்டாமா?