கப்பல் பாடத்தை ஒரு கோட்டிலிருந்து தொடங்குங்கள்

தூத்துக்குடியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கப்பல் படங்களை ஒட்டி, வகைகளை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதில் வேலை செய்கிறவர்களைப் பிள்ளைகள் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். அதனால் கப்பலின் பக்கவாட்டில் வரைந்திருக்கும் பாரக் கோட்டிலிருந்து தொடங்குவேன். சரக்கேற்றும்போது கப்பல் எதுவரை அமிழலாம் என்று காட்டும் கோடு அது.

நீளமான சோதனைக்குழாய் ஒன்றில் மில்லிமீட்டர் கோடிட்ட காகிதத்தைச் சுருட்டி வைத்து, அடியில் மணல் போடுங்கள். பக்கெட் தண்ணீரில் நிமிர்ந்து நின்று, பத்து சென்டிமீட்டர் அமிழ்ந்தால் சரி. மட்டத்தைக் குறித்துக்கொண்டு லிட்டருக்கு 100 கிராம் உப்பு கரையுங்கள். குழாய் அரை சென்டிமீட்டருக்கு மேல் எழும்பும். கடல்நீரில் இருப்பது லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். ஆனால் அவ்வளவு மட்டும் போட்டால் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் எழும்பும், கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. நன்னீருக்கும் கடல்நீருக்கும் கப்பலில் தனித்தனிக் கோடு எதற்கு என்று இப்போது கேளுங்கள். அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் அந்தக் கோடு வந்த கதை. பிரிட்டனில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய கப்பல்கள் மூழ்கின. முதலாளிக்குக் காப்பீட்டுப் பணம் கிடைத்தது, செத்தது மாலுமிகள். சாமுவேல் பிளிம்சால் என்ற எம்.பி. விடாமல் போராடியதால் 1876-ல் கோடு கட்டாயமானது. ஆனால் அதை எங்கே வரைவது என்பதை முதலாளியே முடிவு செய்யலாம்! 1890-ல்தான் அரசு அந்த உரிமையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. "நீங்கள் முதலாளியாக இருந்தால் எங்கே வரைந்திருப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். வகுப்பே வாதாடும். அந்த வாதத்துக்கு ஒரு பீரியட் முழுக்கப் போனாலும் நல்லதுதான்.

அடுத்து வாட்ச், அதாவது கப்பலில் முறை வைத்துப் பார்க்கும் வேலை நேரம். கப்பலில் வழக்கமாக நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் இடைவெளி. பன்னிரண்டு-நாலு, நாலு-எட்டு, எட்டு-பன்னிரண்டு என வகுப்பை மூன்றாகப் பிரித்து, சனி ஞாயிறில் அவரவர் பகல் வாட்சில் மணிக்கொரு முறை காற்றின் திசை, மேகம், மழை எழுதச் சொல்லுங்கள். ராத்திரி வாட்ச் வேண்டாம், பேசினால் போதும். தப்பாக எழுதினால் ரப்பர் கூடாது. ஒற்றைக் கோட்டில் அடித்து, பக்கத்தில் கையெழுத்து. கப்பலில் நடப்பதை எழுதி வைக்கும் லாக் புக்கிலும் அப்படித்தான்.

எங்கள் ஊரில் தோணியிலோ கப்பலிலோ போன ஒருவர் தெருவுக்குத் தெரு இருப்பார். வகுப்புக்கு அழையுங்கள். எத்தனை நாடு பார்த்தீர்கள் என்ற கேள்வியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கொந்தளிப்பில் எப்படிச் சமைத்தீர்கள், பன்னிரண்டு-நாலு வாட்ச் முடிந்து எப்போது தூங்கினீர்கள், வீட்டில் நடந்த நல்லது கெட்டது எப்படித் தெரிய வந்தது என்று கேட்கட்டும்.