பூனையின் இரத்தச் சர்க்கரையை வீட்டிலேயே அளப்பது எப்படி?

சர்க்கரை நோய் உள்ள பூனையைக் கூடையில் அடைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், பயத்தினாலேயே அதன் சர்க்கரை ஏறிவிடும். நோயே இல்லாத பூனைக்கும் அச்சத்தில் 300 மி.கி./டெ.லி. வரை போவதுண்டு. ஆகவே இன்சுலின் சரியாக வேலை செய்கிறதா என்பதை அறிய, பூனை தன் வழக்கமான இடத்தில் படுத்திருக்கும்போது எடுத்த அளவுகளே அதிகம் உதவும்.

முதலில் கருவி. மனித இரத்தத்தில் குளுக்கோஸின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கும். பூனைக்கோ ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில்தான் இருக்கிறது. இதனால் மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனையிடம் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும். விலங்குகளுக்கென அமைந்த மீட்டர் நல்லது. அதில் பூனைக்குரிய குறியீட்டைத் தேர்ந்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மீட்டரானாலும் அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். இரண்டு மீட்டர்களின் எண்களை ஒப்பிட்டுக் குழம்பாதவர் இல்லை.

அடுத்தது பழக்கம். ஊசியைத் தொடும் முன் மூன்று நான்கு நாட்கள், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பூனையை உட்கார வைத்துக் காதை மெல்லத் தேய்த்து, மாவுச்சத்து இல்லாத ஒரு துண்டு இறைச்சித் தீனி கொடுங்கள். இந்த நாட்களை வீண் என்று நினைத்துத் தாண்டிவிடுபவர்கள்தான் பிறகு கட்டிலுக்கு அடியில் பூனையைத் தேடுகிறார்கள், நானும் தேடியிருக்கிறேன்.

இனி துளி எடுக்கும் முறை. காது மடலை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால், விளிம்பை ஒட்டி மெல்லிய இரத்தக் குழாய் ஒன்று ஓடுவது தெரியும். குத்த வேண்டியது அந்தக் குழாயில் அல்ல. அதற்கும் காதின் விளிம்புக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய பகுதியில். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சிறு பிளாஸ்டிக் பையில் இட்டு, அரை நிமிடம் காதில் வைத்தால் இரத்த ஓட்டம் கூடும். ஈரத்துணியை நேராக வைத்தால் நீர் கலந்து அளவு கெடும். ஆல்கஹால் பஞ்சும் வேண்டாம். எரிச்சலும் தரும், துளியையும் கெடுக்கும். வாசலினை மிக மெல்லியதாகத் தடவினால் இரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும்.

துளியை ஏற்கும் சோதனைப் பட்டையான ஸ்ட்ரிப்பை முன்னரே மீட்டரில் செருகி வையுங்கள். காதின் பின்புறம் மடித்த பஞ்சைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, துளி எடுக்கும் சிறு ஊசியான லான்செட்டால் ஒரே மூச்சில் குத்துங்கள். தயங்கித் தயங்கி அழுத்துவதுதான் வலிக்கும். விசை வைத்த கருவியின் ‘டக்’ ஒலிக்குத் துள்ளும் பூனைகளுக்குக் கையால் குத்துவதே மேல். மிக நுண்ணிய ஊசிகள் தொடக்கத்தில் துளி தராமல் ஏமாற்றும். 26 அல்லது 28 கேஜ் (ஊசியின் தடிமனைக் குறிக்கும் எண்) போதுமானது. ஸ்ட்ரிப்பின் நுனியைத் துளியின் ஓரத்தில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். துளி முடியில் சிதறிவிடும் போலிருந்தால், சுத்தமான விரல் நகத்தில் அதை ஏந்தி ஸ்ட்ரிப்பை நகத்தில் தொடலாம். பிறகு அரை நிமிடம் பஞ்சால் அழுத்திப் பிடித்தால் காது கன்றாது. இரண்டு முறை குத்தியும் துளி வரவில்லையென்றால் அன்றைக்கு விட்டுவிட்டு, தீனியை மட்டும் கொடுங்கள்.

இங்கிருந்துதான் முக்கியமான பகுதி. ஒற்றை எண் அதிகம் சொல்லாது. காலை உணவுக்கும் இன்சுலினுக்கும் முன் ஓர் அளவு எடுத்து, அதன் பின் அடுத்த ஊசி வரை, 12 மணி நேரத்துக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதினால் கிடைப்பதே சர்க்கரை வளைகோடு. காலை 8 மணிக்கு 340, பிறகு வரிசையாக 260, 170, 110, 150, 240, இரவு 8 மணிக்கு 330 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். காலை 340ஐ மட்டும் பார்ப்பவர் மருந்து போதவில்லை என்று நினைப்பார். ஆனால் பிற்பகல் 2 மணிக்கு 110 வரை இறங்கியிருக்கிறது. இந்த அடிப்புள்ளி பெரும்பாலும் 80க்கும் 150க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதே இலக்கு. இந்தப் பூனைக்கு மருந்தைக் கூட்டினால் அடிப்புள்ளி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இங்கே குறை அளவில் இல்லை, மருந்து நீடிக்கும் நேரத்தில் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பவர் மருத்துவர். முழு வளைகோட்டையும் அவரிடம் காட்டுங்கள்.

ஊசிக்கு முந்தைய அளவு 200க்குக் கீழ் இருந்தால், தொடக்கநிலையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இன்சுலின் போட வேண்டாம். 60க்குக் கீழ் இறங்கினாலோ, பூனை தள்ளாடினாலோ, அது அவசரநிலை. விழுங்கும் தெளிவு இருந்தால் உடனே உணவு வையுங்கள். இல்லையென்றால் குளுக்கோஸ் பாகையோ தேனையோ ஈறுகளில் சிறிது தடவுங்கள். வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மருத்துவமனைக்குப் புறப்படுங்கள், நிலை தேறியது போலத் தெரிந்தாலும் அழைத்துச் சொல்லுங்கள்.

தோலில் ஒட்டும் சென்சார் 14 நாட்கள் வரை தொடர்ந்து அளவைக் காட்டும். பல பூனைகள் அதற்கு முன்பே பிய்த்துவிடும். அது திசுநீரை அளப்பதால் இரத்தத்தைவிடச் சற்றுப் பின்தங்கியே காட்டும். குறைந்த எண் வந்தால் காதில் ஒருமுறை சரிபாருங்கள்.

குறிப்பேட்டில் நேரம், எண், இன்சுலின் யூனிட், உண்ட அளவு, குடித்த தண்ணீர் எல்லாம் ஒரே வரியில் இருக்கட்டும். சர்க்கரை சுமார் 250ஐத் தாண்டினால் சிறுநீரில் வழியத் தொடங்கும். அப்போது தண்ணீர்க் கிண்ணம் வேகமாகக் காலியாவதும் ஒரு பதிவே. மருத்துவர் இன்சுலின் அளவை மாற்றினால், மறுநாளே வளைகோடு எடுத்து முடிவு கட்டாமல், ஒரு வாரம் கழித்து எடுங்கள். இடைப்பட்ட நாட்களில் ஊசிக்கு முந்தைய அளவை மட்டும் தவறாமல் பாருங்கள்.