தொழில் வளர்ச்சிக்காக ஊர் கூடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வட்டாரத்தில் தொழிலும் வேலையும் பெருக வேண்டுமென்றால் முதலாளிகள் சங்கம், தொழிற்சங்கம், கல்லூரி, மாவட்ட நிர்வாகம் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. உட்கார்ந்த பிறகு எங்கே தப்பு நடக்கிறது என்பதைத்தான் அதிகம் பேசுவதில்லை. அதைப் பார்க்கத் திருப்பூர் நல்ல ஊர். கூடிச் செய்வதில் அந்த ஊர் சோடை போனதே கிடையாது. 1990இல் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கினார்கள். பின்னலாடைக்கென்று கல்லூரி, ஆயத்த ஆடைப் பூங்கா, தண்ணீர்த் திட்டம் என்று அடுத்தடுத்துக் கொண்டுவந்தார்கள். தவறுகளும் அப்படிச் சேர்ந்து செய்தவைதான்.

பெரிய தவறு, ஆதாயம் கிடைக்கிறவர்களை மட்டும் கூட்டத்துக்குக் கூப்பிடுவது. ஈரோடு, கரூர் பக்கத்து நிலங்களின் பாசனத்துக்காக, திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் கட்டி முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் ஆற்றில் விட்ட கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. பாசன அணைக்கு இதைவிடக் கேவலம் வேறென்ன?

திருப்பூர்க்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 90களின் பிற்பகுதியில் சாயப்பட்டறைகள் குழு குழுவாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. வங்கிக் கடன், மானியம், சொந்தப் பணம் எல்லாம் அதில் போனது. ஆனால் அவை நிறத்தை எடுத்தனவே தவிர, தண்ணீரில் கரைந்த உப்பை எடுக்கவில்லை. மண்ணைக் கெடுத்ததே அந்த உப்புதான். ‘சாயம் போனால் போதாது, உப்பும் போக வேண்டும்’ என்று சொல்லக்கூடியவர், கிணறு கரித்துப்போன ஆற்றோரத்து விவசாயி. திட்டம் போட்ட இடத்தில் அவருக்கு நாற்காலி இல்லை. அதனால் அவர் நீதிமன்றத்துக்குப் போனார். சொட்டுக் கழிவுகூட ஆற்றில் விடக்கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. 2011 ஜனவரியில் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன.

சாயம் நின்றால் பனியன் கம்பெனியும் தள்ளாடும். துணி வெளியூர்களுக்குச் சாயமேற்றப் போனது. வேலை இல்லாத தொழிலாளர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அப்புறம் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நீரையும் உப்பையும் பிரித்து மீட்டு, மீண்டும் சாயமேற்றவே பயன்படுத்தும் முறை திருப்பூர் பக்கத்து அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்து காட்டியது, மற்ற நிலையங்களும் அந்த வழிக்கு வந்தன. தொழில்நுட்பத்தைத் தேடும் திறமை ஊருக்கு இருந்தது என்பது இதில் தெரிகிறது. எதைத் தேட வேண்டும் என்று சொல்ல வேண்டியவரைத்தான் கடைசிவரை கேட்கவில்லை.

அடுத்தது, ஒரு கூட்டுத் திட்டத்தின் கணக்கை இன்னொன்றோடு வைத்துப் பார்க்காமல் விடுவது. தண்ணீர் லாரிகளை நம்பிக் கிடந்த ஊருக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவர, 1995இல் அரசும் ஏற்றுமதியாளர் சங்கமும் உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குப் பணம் போடும் ஐஎல் அண்டு எஃப்எஸ் நிறுவனமும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கின. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் திட்டம். பெரும்பகுதியைச் சாயப்பட்டறைகள் காசு கொடுத்து வாங்கும், அந்த வருமானத்தில் கடன் அடையும், நகராட்சிக்கும் கிராமங்களுக்கும் குடிநீர் போகும் என்பது கணக்கு. குடிநீர் போனது, அது நல்ல விஷயம். ஆனால் 2011 மூடலில் விற்பனை சரிந்தது. மறுபடி திறந்த பட்டறைகள் கழிவிலிருந்தே பெரும்பங்கு நீரை மீட்டுக்கொண்டன. பிறகு முன்போல யார் வாங்குவார்கள்? ஆற்றைக் காக்கும் ஏற்பாடும் தண்ணீர் விற்கும் ஏற்பாடும் ஒரே ஊரில், ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்தன, முதலாவது இரண்டாவதைக் கவிழ்த்தது.

பயிற்சி விஷயத்தில் தவறு சிறியது, ஆனால் எங்கும் நடப்பது. எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம் என்று எண்ணுகிறார்கள். ஓவர்லாக், பேட்லாக் போன்ற பனியன் தையல் மிஷினில் ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுவதில்லை. அறை வாடகை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், ராத்திரி வேலை முடிந்து போக பஸ் என்று விட்டுப் போகும் காரணங்கள் பெரும்பாலும் தையலுக்கு வெளியே இருக்கின்றன. ஆள் பற்றாக்குறை என்று புலம்பும் கூட்டத்தில் வாடகையைப் பற்றி யாராவது பேசினால் அது ஆச்சரியம்தான்.

ஆள் வெளிமாநிலத்திலிருந்து வந்த பிறகும் இதே கதை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. காவல்துறை மறுத்தது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது, மாவட்ட நிர்வாகங்கள் இந்தியில் பேச உதவி எண்கள் கொடுத்தன. எல்லாம் சரி, ஆனால் பீதி வந்த பிறகு. அவர்கள் மொழியில் பேசி, அவர்கள் நம்பும் ஆட்களை முன்கூட்டியே கூட்டத்தில் வைத்திருந்தால் வதந்தியைப் பாதியிலேயே மடக்கியிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. திருப்பூரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கொரு முறை கூலி ஒப்பந்தம் போடுவது பழைய வழக்கம், பல தொழில் ஊர்களில் இது இல்லை. இதை இருக்கிறபடியே விட்டுவிடுவதுதான் தவறு. ஒப்பந்தத்தில் ஷிப்டுக் கூலி இருக்கும். உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கும், காண்ட்ராக்டர் கூட்டி வந்தவருக்கும் அது எவ்வளவு எட்டுகிறது? மோட்டார் தையல் மிஷின்களை வைத்து, கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க்காகத் துணி வாங்கித் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள்காரர்கள் தங்கள் ரேட்டுக்குத் தனியாகப் போராடித் தனியாக ஒப்பந்தம் போடுகிறார்கள். பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே இவர்களையும் ஒரே மேசைக்கு அழைத்து, பீஸ் ரேட்டை ஷிப்டுக் கூலியோடு கட்டிப்போட்டால், ஒன்று ஏறும்போது மற்றதும் தானாக ஏறும்.