ஹூஸ்டன் புறநகரில் வீடு: எப்போது வாங்கலாம்?

ஹூஸ்டனில் வந்து இறங்கிய மூன்றாவது வாரமே யாராவது ஒரு நண்பர் உங்களை மாடல் ஹவுஸ் பார்க்கக் கூட்டிப்போவார். கேட்டி பக்கமாக இருக்கலாம், சுகர்லேண்டைத் தாண்டி ஃபோர்ட் பெண்ட் கவுன்டியாகவும் இருக்கலாம். நுழைவாயிலில் செயற்கை ஏரி, அதைச் சுற்றி நடைபாதை, நீச்சல் குளம், நம்மவர்கள் நாலு பேர் ஏற்கெனவே வாக்கிங் போய்க்கொண்டிருப்பார்கள். "வாடகை கொடுக்கிற காசுக்கு மார்ட்கேஜ் கட்டிடலாமேப்பா" என்பார் நண்பர். கிரானைட் மேடையைத் தடவிப் பார்த்தபடி நீங்களும் தலையாட்டத் தொடங்கியிருப்பீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். முதல் வருடம் வாங்க நினைக்கும் இடத்தின் பள்ளி எல்லைக்குள் வாடகைக்கு இருங்கள் என்பதுதான் பதினைந்து வருடமாக இங்கே இருக்கிற என் யோசனை. விலை ஏறிவிடும், மனை தீர்ந்துவிடும் என்று அவசரப்படுத்துவார்கள். தீராது. கேட்டியைச் சுற்றி ஒரு காலத்தில் நெல் விளைந்தது. நம் ஊரில் வயலைப் பிளாட் போட்ட அதே கதைதான் இங்கேயும். ஒரு செக்ஷன் விற்று முடிந்தால் அடுத்த வயலில் சாலை போடுவார்கள். கிழக்குப் பார்த்த மனை மட்டும் முதலில் போய்விடும், அதுவும் நம்மால்தான்.

மனை தீராது என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து வேலை மாறி நீங்கள் வீட்டை விற்கப் போனால், பக்கத்துத் தெருவில் பில்டர் அதே மாடலைப் புத்தம் புதிதாக, வட்டியையும் குறைத்துக் கொடுத்து விற்றுக்கொண்டிருப்பார். அவரோடு உங்களால் போட்டி போட முடியாது. ஏஜென்ட் கமிஷன், கிரயம் முடிக்கும் க்ளோசிங் செலவு எல்லாம் போகக் கைக்காசும் கரையும். எச்1பி-யில் இருப்பவர் வேலை போனால் பொதுவாக 60 நாளுக்குள் வேறு வழி பார்த்தாக வேண்டும். அந்த 60 நாளில் வீடு விற்பது நடக்கிற காரியமா? அதனால் ஐந்து வருடமாவது இங்கேதான் இருப்போம் என்று மனசுக்குத் தெளிவாகத் தெரிந்த பிறகு வாங்குங்கள். கிரீன் கார்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கம்பெனி போடும் கிரீன் கார்டு மனுவான ஐ-140-க்கு ஒப்புதல் கைக்கு வந்து, வேலையும் நிலைத்திருந்தால் எனக்குப் போதும் என்று பட்டது. தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு, அரசு காப்பீடு தரும் எஃப்.எச்.ஏ. கடன் 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டது. அரசு காப்பீடு இல்லாத சாதாரண கன்வென்ஷனல் கடன் கிடைக்கும். 20 சதவீதம் முன்பணம் கட்டினால் பி.எம்.ஐ. எனும் கடன் காப்பீட்டுக் கட்டணம் இல்லை. ஊரிலிருந்து அப்பா பணம் அனுப்புவதாக இருந்தால் இரண்டு மாதம் முன்பே கணக்கில் வந்து உட்காரட்டும். கடைசி நேரத்தில் வந்தால் கிஃப்ட் லெட்டர், அது இது என்று வங்கி குடைந்தெடுக்கும்.

இனி வரி. டெக்ஸஸில் மாநில வருமான வரி இல்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டுதானே வந்தீர்கள்? அதை வீட்டு வரியில் வாங்கிக்கொள்வார்கள். கவுன்டி, பள்ளி மாவட்டம், அதற்கு மேல் மட் வரி. முனிசிபல் யுட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட் என்பதன் சுருக்கம்தான் மட். வயலில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் மழைநீர் வடிகாலும் போட்ட செலவுக்கு அந்த டிஸ்ட்ரிக்ட் கடன் பத்திரம் வெளியிடும், அதை வீட்டுக்காரர்கள் வருடா வருடம் வரியாக அடைப்பார்கள். புதுக் குடியிருப்பில் மட் அதிகமாக இருக்கும். வீடுகள் நிறைந்து, கடன் அடைய அடைய இறங்கும். எல்லாம் சேர்ந்து புது இடங்களில் வீட்டு மதிப்பில் 3 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம். குடியிருப்புச் சங்கத்துக்கான எச்.ஓ.ஏ. கட்டணம் தனி.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் வருடம் மாதத் தவணை சுகமாகப் போனது. இரண்டாவது வருடம் லோன் கம்பெனியிடமிருந்து எஸ்க்ரோ கடிதம் வந்தது (தவணையோடு வரிப்பணத்தையும் சேர்த்து வாங்கி, நமக்காக அவர்கள் கட்டும் கணக்குதான் எஸ்க்ரோ). நான் அதை விளம்பரம் என்று நினைத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். மனைவிதான் எடுத்துப் பிரித்தாள். விஷயம் இதுதான்: வரி மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி. அந்தத் தேதியில் எங்கள் வீடு வெறும் மண், அதனால் முதல் வருட வரி மனைக்கு மட்டும். அடுத்த ஜனவரியில் முழு வீடும் நிற்கிறது.

இன்றைய விலைக்கு, விலக்கு எதுவும் கழிக்காமல் ஒரு மனக்கணக்கு போடுங்கள். வீடு 4,50,000 டாலர், வரி 3 சதவீதம்: வருடத்துக்கு 13,500, மாதம் 1,125. மனை மதிப்பு 70,000 என்றால் முதல் வருடம் 2,100, மாதம் 175 மட்டுமே. வித்தியாசம் மாதம் 950. இது தெரிய வரும்போது ஒரு வருடத்துப் பற்றாக்குறை 11,400 சேர்ந்திருக்கும். அதையும் 12 மாதத்தில் பிரித்தால் இன்னொரு 950. ஆக, அந்த ஒரு வருடம் தவணை மாதம் 1,900 டாலர் கூடும். சேல்ஸ் ஆபீஸில் காட்டும் தாளில் முதல் வருடத் தவணைதான் இருக்கும். "முழு மதிப்புக்கு வரி போட்டு எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்த எண்ணைக் கட்ட முடியும் என்றால்தான் உங்களுக்கு நேரம் வந்திருக்கிறது. பில்டர் கொடுக்கும் 2-1 பை டவுன் எனும் தற்காலிக வட்டிச் சலுகையிலும் இதே கதை: முதல் வருடம் வட்டி 2 சதவீதம் குறைவு, இரண்டாம் வருடம் 1, மூன்றாம் வருடம் முழு வட்டி. எஸ்க்ரோவும் இதுவும் ஒரே வருடத்தில் வந்து விழும்.

வாடகை வருடத்தில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை மழை பார்ப்பது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது கேட்டி பக்கம் பார்க்கர், ஆடிக்ஸ் நீர்த்தேக்கங்களுக்குப் பின்னால் இருந்த ஆயிரக்கணக்கான வீடுகளில் தண்ணீர் புகுந்தது. மற்ற நாட்களில் அந்த நீர்த்தேக்கங்கள் வறண்டு கிடக்கும், பூங்கா என்றுதான் நினைப்போம். அங்கே வாங்கிய பலருக்குத் தங்கள் வீடு நீர்த்தேக்கத்தின் கொள்ளளவுக்குள் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபெமாவின் வரைபடத்தில் அந்த இடங்களில் பெரும்பாலானவை வெள்ள மண்டலமாகக் காட்டப்படவில்லை. 2019 செப்டம்பரிலிருந்து, பழைய வீட்டை விற்பவர் முன்பு வெள்ளம் புகுந்ததா என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒரு பெருமழை ஓய்ந்ததும் பிடித்த தெருவில் காரை ஓட்டிப் பாருங்கள். எந்த முனையில் தண்ணீர் தேங்குகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். எங்கே வாங்கினாலும் வெள்ளக் காப்பீட்டைக் கடன் க்ளோசிங்கோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். பிறகு தனியாக எடுத்தால் பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். புயல் அதுவரை நிற்காது.

பள்ளியைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வளர்கிற இடத்தில் புதுப் பள்ளி திறக்கத் திறக்க எல்லைகளை மாற்றி வரைவார்கள். பிரசுரத்தில் போட்டிருக்கும் பள்ளி உங்கள் பிள்ளை ஆறாம் வகுப்பு போகும்போதும் அதேதான் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

வருடத்தில் எந்த மாதம்? டிசம்பர். கட்டி முடித்த வீடுகளைக் கணக்கு முடிக்கும் முன் தள்ளிவிட பில்டர்கள் இறங்கி வருவார்கள். கோடையில் எல்லோரும் பள்ளி திறக்கும் முன் குடியேற ஓடுவதால் பேரம் படியாது. நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு சங்கடம், அது மார்கழி. க்ளோசிங்கை டிசம்பரில் முடித்துவிட்டு, பால் காய்ச்சுவதைத் தையில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் அம்மாவே அதற்குச் சம்மதித்துவிட்டார், உங்கள் வீட்டிலும் சொல்லிப் பாருங்கள். பேர்லேண்ட் மீனாட்சி கோவிலில் கேட்டால் நாள் பார்த்துச் சொல்வார்கள். ஹோமத்துக்கு முன் ஸ்மோக் அலாரத்துக்கு ஒரு வழி செய்யுங்கள். புது வீடுகளில் ஒன்று கத்தினால் எல்லாம் சேர்ந்து கத்தும்.

மாடல் ஹவுஸுக்கு ஏஜென்ட் இல்லாமல் முதல் தடவை போகாதீர்கள். போய்ப் பெயர் பதிந்துவிட்டால், பிறகு வரும் ஏஜென்டுக்கு பல பில்டர்கள் கமிஷன் தருவதில்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீடென்றால் சுவர் மூடும் முன் ஒரு இன்ஸ்பெக்ஷன், கடைசியில் ஒன்று. குடியேறியதும் டிரைவிங் லைசென்ஸில் முகவரியை மாற்றி சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் வரி விலக்குக்கு மனுப் போடுங்கள். பள்ளி வரியில் 1,40,000 டாலர் மதிப்பு கழியும், அடுத்த வருடத்திலிருந்து வரி மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. மனு இலவசம், காசு கேட்டு வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள். பதினோராவது மாதத்தை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். பெரும்பாலான பில்டர்களின் வேலைத்தர வாரண்டி ஒரு வருடத்தோடு முடிந்துவிடும். அதற்கு முன் இன்னொரு இன்ஸ்பெக்டரைக் கூட்டிவந்து விரிசல், கதவு, கூரை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் பில்டர் செலவிலேயே சரியாகும்.