பனிமேல் பழி வேண்டாம்: பழைய டிராக்டரைக் காலையில் கிளப்பும்போது செய்யும் தவறுகள்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். காலையில் டிராக்டர் கிளம்பாவிட்டாலும் பனிமேல்தான் பழி போடுகிறோம். ஆனால் டிராக்டர் இன்ஜினைத் துளைக்கும் பனி மட்டும் நம் டெல்டாவில் பெய்வதில்லை. தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் தை மாத விடியல் 20 டிகிரி வாக்கில்தான் இருக்கும். லடாக் கதை வேறு. அங்கே சாதாரண டீசல் குளிரில் கெட்டியாகிவிடுகிறது என்பதால், மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் தனி டீசலை 2019-இல் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. நமக்கு அந்தக் கவலை இல்லை. சம்பா அறுவடைக் காலையில் வண்டி கிளம்பவில்லை என்றால், சேடை (நடவுக்கு முன் சேற்றுழவு) ஓட்டி முடித்த பிறகு அது கொட்டகையில் ஈரத்தோடு சும்மா நின்ற இரண்டு மாதத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எல்லோரும் செய்கிற தவறு, கிளம்பும்வரை விடாமல் செல்ஃப் அடிப்பது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினேழில் ஒரு பங்கு வாக்கில் நெருக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைத்துப் பிடிக்கும் ரிங் தேய்ந்த வண்டியில் காற்று கசியும். பேட்டரி சோர்ந்திருந்தால் பிஸ்டன் மெதுவாக ஏறும், அதற்குள் பாதிச் சூட்டை ஜில்லென்றிருக்கும் சிலிண்டர் சுவர் குடித்துவிடும். பனியின் பங்கு இவ்வளவுதான். ஆகவே கிளட்சை மிதித்து, ஹேண்ட் ஆக்சிலேட்டரைப் பாதி வைத்து, பத்து விநாடி அடியுங்கள். அப்புறம் அரை நிமிடமாவது மோட்டாரை ஆறவிடுங்கள்.

செல்ஃப் அடிக்கும்போது ஒரு ஆளை சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. சூடோ கம்ப்ரஷனோ (காற்றை நெருக்கும் அழுத்தம்) போதவில்லை. புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. ஸ்டாப்பரை, அதாவது இன்ஜினை நிறுத்த டீசலை அடைக்கும் கம்பியை, இழுத்தபடியே விட்டிருக்கலாம் (சிரிக்காதீர்கள், மெக்கானிக் வந்து அதை உள்ளே தள்ளிவிட்டுக் காசு வாங்கிப் போனது எங்கள் வீட்டிலேயே நடந்தது). டேங்க் குழாய் மூடியிருக்கலாம். அதுவும் இல்லை என்றால் டீசல் லைனில் ஏர் (காற்று) பிடித்திருக்கும். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வழியும்வரை ஏர் எடுக்க வேண்டும். ஏர் எடுக்காமல் நூறு தடவை செல்ஃப் அடித்தாலும் பேட்டரிதான் சாகும்.

கார்த்திகை மழையில் டேங்கைக் காலியாக விட்டு நிறுத்துவதும் தவறுதான். காலி இடத்தில் இருக்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீராகி, டீசலுக்கு அடியில் போய் உட்காரும். வண்டியை நிறுத்தும்போதே டேங்கை நிரப்புங்கள். எடுக்கும்போது ஃபில்டர் அடியிலுள்ள திருகைத் திறந்து கொஞ்சம் வடித்துவிடுங்கள்.

'கட்கட்' என்று சத்தம் மட்டும் வந்தால் உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருப்பதை வெந்நீர் ஊற்றிக் கழுவி, பேட்டரியின் எர்த் வயர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் (சேசிஸில்) பிடிக்கும் இடத்தைச் சுரண்டி முறுக்கினாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும்.

இனி உயிரோடு விளையாடும் தவறுகள். ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் துணியைக் காட்டுவது, ஈதர் ஸ்ப்ரே அடிப்பது. இவை பிஸ்டன் மேலே வருமுன்பே வெடித்து ரிங்கை உடைக்கும். காற்றை உறிஞ்சும் குழாயில் அதைச் சூடாக்கும் ஹீட்டர் காயில் உள்ள பழைய வண்டி என்றால் குழாயிலேயே தீப்பிடிக்கும். அந்த ஹீட்டரைச் சரிசெய்து, செல்ஃபுக்கு முன் இருபது விநாடி போட்டாலே போதுமே! வைக்கோல் போர் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் வைக்கோலையே கொளுத்துபவரைப் பற்றி என்ன சொல்ல?

இவற்றைவிட எனக்குப் பயம் ஸ்க்ரூடிரைவர்தான். சாவி வேலை செய்யவில்லை என்று தரையில் நின்றபடி செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் இணைப்பது. கியரில் இருக்கிறதா, கிளட்ச் மிதித்திருக்கிறதா என்று மோட்டாருக்குத் தெரியாது. ஒருமுறை நான் இப்படிச் செய்தபோது வண்டி இரண்டாம் கியரில் கிடந்தது. பெரிய டயருக்கு முன்னால் நிற்காமல் ஓரமாக நின்று எட்டித் தொட்டதால் கால் பிழைத்தது. வண்டி களத்துச் சுவரில் போய் முட்டியது. அன்றே சாவி சுவிட்சை மாற்றினேன்.

கயிறு கட்டி இழுத்துக் கிளப்புவதும் அப்படித்தான். வாய்க்கால் கரையில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். பின்வண்டி திடீரென்று பிடித்துக்கொண்டால் முன்னால் போகிறவருக்கு ஒதுங்க இடம் இருக்காது.

கிளம்பியதும் உறுமவிடாதீர்கள். ஆயில் மேலே ஏறும்வரை தாழ்ந்த ஓட்டத்தில் விட்டு, பிறகு டிரெய்லரை மாட்டுங்கள். அரை மணி ஓடியும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, சூடு காட்டும் முள்ளும் ஏறவில்லை என்றால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போவதை அடைத்து வைக்கும் வால்வு) இருக்கிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் சூடேறுகிறது என்று கழற்றியது பல வண்டிகளில் திரும்ப ஏறுவதே இல்லை. எங்களுடையது டூல் பாக்ஸில், பழைய நட்டுகளோடு கிடந்தது.