பந்தயத்துக்கும் பயணத்துக்கும் ஒரே பாய்ப்படகு: கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் படகு கட்ட நினைக்கும் நம் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே வகைப் படகுதான். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் முந்த வேண்டும். லீவு விட்டால் குடும்பத்தோடு வடக்கே ரிச்சர்ட்ஸ் பே துறைமுகம் வரை போய்த் தங்கிவர வேண்டும். நடக்காத ஆசை இல்லை. ஆஞ்செலோ லவ்ரானோஸ் வரைந்த எல்26 என்ற படகு தென்னாப்பிரிக்காவில் நன்றாகவே பேர் வாங்கியது. லிப்டன் கோப்பைப் பந்தயமே பல வருஷம் அதில்தான் நடந்தது. படகு வடிவமைப்பாளர் டட்லி டிக்ஸ் தன் 38 அடி டிடி படகைப் பிளைவுட்டில் கட்டி, கேப் டவுனிலிருந்து ரியோ வரை அட்லாண்டிக்கைக் கடக்கும் 1996 கேப் டு ரியோ பந்தயத்துக்கே கொண்டுபோனார். இந்த வகைப் படகை முதலில் கெடுப்பது எடைக் கணக்கைப் பாதியில் கைவிடுவது.

8 மீட்டர் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 1,400 கிலோ, அதில் கீல், அதாவது படகு சாயாமல் இருக்க அடியில் தொங்கும் கனமான தகடு, 500 கிலோ. மிதக்கும் மட்டத்தில் அதன் பரப்பு 11 சதுர மீட்டர் என்றால், கடல் நீரில் 113 கிலோ ஏறும்போது ஒரு சென்டிமீட்டர் அமுங்கும். அடுப்பு, கனமான தேக்குத் தளம், பெரிய தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது பேட்டரி என்று 300 கிலோ சேர்ந்தால் படகு கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் இறங்கும். அது மட்டும் என்றால் பரவாயில்லை. மொத்த எடையில் 36 சதவீதமாக இருந்த கீலின் பங்கு 29-க்கு வந்துவிடும். சேர்ந்த எடை உயரத்தில் இருந்தால், காற்றில் சாய்ந்த படகு நிமிரத் திணறும்.

உயரம் என்றதும் பாய்மரத்தைப் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் உச்சியில் கூடுதலாக வைக்கும் ஒரு கிலோவை ஈடுகட்ட, ஒன்றரை மீட்டர் ஆழத்திலுள்ள கீலில் ஆறு ஏழு கிலோ வேண்டும். அதனால் ஒவ்வொரு சாமானையும் ஏற்றும் முன் தராசில் வைத்து எழுதுங்கள். எவ்வளவு என்பதோடு, எங்கே, எந்த உயரத்தில் என்பதையும் எழுதுங்கள். வரைபடம் கொடுத்தவரும் இப்படி ஓர் எடைப் பட்டியலை வைத்துத்தான் படகை வரைந்திருப்பார். கட்டுபவர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்தது நம் ஊர் ஈரம். டிசம்பர், ஜனவரியில் கொட்டகைக் காற்றே நனைந்த துணி மாதிரி இருக்கும். எப்பாக்ஸி என்ற பிசினைப் பூசிய மறுநாள் காலையில் அதன்மேல் கை வைத்தால் சில சமயம் மெழுகுபோல வழுக்கும். அதைத் துடைக்காமல் அடுத்த அடுக்கைப் போட்டால் ஒட்டாது. நேராக மணல்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்த மெழுகு உள்ளேதான் இறங்கும். முதலில் நல்ல தண்ணீரும் நார்த் தேய்ப்பானும் வைத்துக் கழுவி, உலர்த்தி, அப்புறம் தேயுங்கள். பூசப்போகும் பரப்பு பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் வேலையில் சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை அளவு மீறி ஊற்றுவதும் கூடாது. தடிமனான இடம் கொதித்து வெடிப்பு விடும். தெர்மாகோல் பலகையை அந்த ரெசினோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள், கரைந்துவிடும்.

மேல்தளம் இலேசாக இருக்க இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா என்ற இலேசான மரத்தை வைக்கிறோம். அதில் கயிறு இழுக்கும் வின்ச்சுக்கோ பாய்க்கயிற்றுக்கான தண்டவாளத்துக்கோ துளை போட்டு நேராகத் திருகை முறுக்கினால், கொஞ்ச நாளில் திருகு வழியே தண்ணீர் இறங்கி உள்ளே மரம் கூழாகிவிடும். துளையைப் பெரிதாகப் போடுங்கள். வளைத்த ஆணியால் சுற்றிலும் உள்ள பால்சாவைச் சுரண்டி எடுங்கள். கெட்டியான எப்பாக்ஸியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் துளையுங்கள். திருகு மரத்தைத் தொடவே கூடாது. ஒரு துளைக்கு இரண்டு நாள் வேலை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. தளம் முழுவதையும் பிய்த்து மாற்றுவதைவிட இது மலிவு.

படகின் வெளி உடலை அதைக் கட்டிய அச்சிலிருந்து அவசரமாகக் கழற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. குறுக்குச்சுவர்களைப் பிணைப்பதற்கு முன்பே எடுத்தால் மெல்லிய உடல் முறுக்கிக்கொள்ளும், பிறகு நேராக்க முடியாது.

கீல் விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் சமரசம் வேண்டாம். 2014 மே மாதம் வட அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிக்கி என்ற படகின் கீல் கழன்று நான்கு பேர் இறந்தார்கள். அதுவும் பந்தயத்துக்கும் பயணத்துக்குமான 40 அடிப் படகுதான். முன்பு தரைதட்டியதும், பழுதுபார்த்ததும் உள்கட்டமைப்புக்கும் உடலுக்கும் இடையிலான ஒட்டைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. ஒட்டிய இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாதபடி உள்ளே மூடிக் கட்டாதீர்கள். கீல் போல்ட்டுகளின் தலையைக் கை எட்டும்படி விடுங்கள். எவர்சில்வர்தானே என்று நம்ப வேண்டாம். காற்றுப்படாத ஈரத்தில் அதுவும் அரிக்கும். டர்பன் துறைமுகத்து மணல்திட்டில் ஒருமுறை இடித்தாலும், படகை மேலே தூக்கிக் கீலும் உடலும் சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, உள்ளே ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கடலுக்குப் போங்கள்.